திகதிக்கு முன் ஒத்திகை: வன்னி வளாகங்களின் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

கற்றல் தளத்தைக் கிளவுட்டுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் வெளிச் சேர்வர்களுக்கு, மாற்ற எண்ணியிருக்கும் வன்னிப் பல்கலைக்கழக வளாகங்களின் பீடாதிபதிகள், பதிவாளர்கள், நிதியாளர்கள், தகவல் தொழில்நுட்பப் பிரிவினர் அனைவருக்கும் வணக்கம்.

சேர்வரை வளாகத்துக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுவது இனிச் சரிவராது என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. ஜெனரேற்றருக்கு டீசல் கிடைக்காத அந்த நாட்களில், யூபிஎஸ் பற்றறியை நம்பி ஒரு தளத்தை நடத்த முடியாது என்பது நாடு முழுவதற்கும் விளங்கியது. ஆகவே மாற்றுங்கள். ஆனால் திகதியை முதலில் குறித்துவிட்டு, அதற்குள் வேலையை அடைக்கப் பார்க்காதீர்கள். ஒரு முழு ஒத்திகை முடியட்டும். அதன் பிறகு மூதவைக்குத் திகதி சொல்லுங்கள். எங்கள் வேண்டுகோள் இதுதான்.

உங்கள் தளம் மூடில் (Moodle) என்ற கற்றல் தள மென்பொருள் என்றே எடுத்துக்கொள்கிறோம். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் அதுதான். அதற்கு மூன்று உறுப்புகள்: நிரல் கோப்புகள், தரவுத்தளம், மூடில்டேற்றா என்ற கோப்புக் களஞ்சியம். நிரலைப் புதிதாகவே இறக்கிக்கொள்ளலாம். தரவுத்தளம் பெரும்பாலும் சில கிகாபைற்றுக்குள் அடங்கிவிடும். இடத்தைத் தின்பது மூன்றாவது. 1 ரெராபைற் களஞ்சியத்தை வினாடிக்கு 100 மெகாபிற் இணைப்பில் ஏற்றுவதாக வைப்போம். அதில் உண்மையாக 70 மெகாபிற் கிடைத்தால்கூட ஏறத்தாழ 32 மணித்தியாலம் செல்லும். ஒரே இரவில் முடித்துவிடலாம் என்ற நினைப்பு இந்தக் கணக்கின் முன் நிற்காது. எனவே மாற்றும் நாளுக்கு இரண்டு கிழமை முன்பே ஆர்சிங்க் (rsync) என்ற பிரதியெடுக்கும் நிரல் மூலம் இரவிரவாகப் பிரதியெடுக்கத் தொடங்குங்கள். முதல் சுற்றுக்குத்தான் நாட்கள் பிடிக்கும். பின்வரும் சுற்றுகளில் புதிதாய் வந்தவை மட்டுமே போகும். கேஷ், தற்காலிகக் கோப்புகள், குப்பைக் கோப்புறை ஆகியவற்றை விட்டுவிடுங்கள். கடைசிச் சுற்றையும் நேரம் பார்த்துக் குறித்துவையுங்கள். மாறாத கோப்புகளாக இருந்தாலும், பல இலட்சம் சிறு கோப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கவே கணிசமான நேரம் போகும்.

ஏற்றுவதற்கு முன் வீட்டைக் கூட்டுங்கள். மூடில் ஒரே கோப்பைப் பத்துப் பாடநெறிகளில் போட்டாலும் ஒருமுறைதான் சேமிக்கும். ஆனால் பாடநெறிகளின் தானியங்கிப் பக்கப் (காப்புப் பிரதி) கோப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சுருக்கப் பொதிகள் என்பதால், அதே காணொளி ஒவ்வொரு பொதிக்குள்ளும் திரும்பத் திரும்ப உட்கார்ந்திருக்கும். களஞ்சியம் எதிர்பாராத அளவு வீங்கியிருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

இடமாற்றத்தையும் பதிப்பு உயர்த்தலையும் ஒரே இரவில் செய்யாதீர்கள். மூடில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஓடுவது. மூடில் 3.9, பிஎச்பி 7.4 இற்கு மேல் முறையாக ஓடாது. கிளவுட்டில் எடுக்கும் உபுண்டு 24.04 இயங்குதளத்தில் வருவது பிஎச்பி 8.3. பழைய நிரலை அதில் வைத்தால் வெள்ளைப் பக்கம்தான் வரும். நீண்டகால ஆதரவுள்ள மூடில் 4.5 இற்குக் குறைந்தது பிஎச்பி 8.1 வேண்டும், 4.1.2 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பிலிருந்துதான் அதற்கு ஏறவும் முடியும். ஆகவே மிகப் பழைய தளத்துக்கு இடையில் ஒரு படி இருக்கிறது. அந்தப் படி வழியாக 4.5 வரை இருக்கிற இடத்திலேயே ஏறி, ஒரு மாதம் ஓடவிட்டு, பிறகு இடம் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்து ஏதாவது உடைந்தால், எது உடைத்தது என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

எங்கள் மொழிகளுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. தமிழ், சிங்களக் குறியீடு ஒவ்வொன்றும் யூரிஎஃப்-8 குறியேற்றத்தில் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) 3 பைற் பிடிக்கும். தரவுத்தளத்தின் டம்ப் (முழுப் பிரதிக் கோப்பு) எடுக்கும்போதும் திரும்ப ஏற்றும்போதும் குறியேற்றத்தை வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டால், பாடநெறித் தலைப்புகளும் மன்றப் பதிவுகளும் மேலே கோடு விழுந்த இலத்தீன் எழுத்துகளாக வந்து நிற்கும். ஆங்கிலத்தில் உள்ளவை பழுதில்லாமல் வந்துவிடுவதால், முதற்பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரி போலத்தான் தெரியும். பழைய அட்டவணைகள் 3 பைற்றோடு நின்றுவிடும் வகையாக இருந்தால், 4 பைற் பிடிக்கும் இமோஜி ஒன்றை மாணவர் போட்டதும் பதிவே ஏறாது. மூடிலோடு வரும் மாற்றுநிரலால் முழுத் தரவுத்தளத்தையும் 4 பைற் வகைக்கு முன்கூட்டியே மாற்றுங்கள். களஞ்சியத்தில் கோப்புகள் தங்கள் சொந்தப் பெயரில் இருப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். 40 எழுத்து நீளமான எஸ்எச்ஏ-1 குறியீட்டுப் பெயரில்தான் இருக்கும். எந்த ஒப்படை எந்த மாணவருடையது என்பது தரவுத்தளத்துக்கு மட்டுமே தெரியும். தரவுத்தளம் பழுதானால் கோப்புகள் அத்தனையும் இருந்தும் பயனில்லை. ஆதலால் தரவுத்தளமும் களஞ்சியமும் ஒரே நேரப் பிரதிகளாக இருக்க வேண்டும்.

அடுத்தது, எங்களுக்கு மிகவும் கவலை தருவது. மாணவர் உள்நுழையும் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது எந்த இயந்திரம்? பல இடங்களில் அது வளாகத்துக்குள் இருக்கும் எல்டாப் (LDAP) என்ற பயனர் கணக்குச் சேர்வர். மூடிலைக் கிளவுட்டுக்கு அனுப்பிவிட்டு அதை வளாகத்திலேயே விட்டால், மின்வெட்டு வந்த கணத்தில் தளம் உயிரோடிருக்கும், ஆனால் ஒருவராலும் உள்ளே நுழைய முடியாது. எதற்காக இவ்வளவு செலவழித்தோமோ அது நடக்காது. ஒத்திகையின்போது வளாகச் சேர்வர் அறையின் பிரதான ஆளியை ஒரு மணித்தியாலம் அணைத்துவிட்டு, ஒட்டுசுட்டானிலிருந்தோ மடுவிலிருந்தோ ஒரு மாணவரை நுழையச் சொல்லிப் பாருங்கள். நுழைய முடியவில்லையென்றால் வேலை முடியவில்லை.

பரீட்சைகளுக்கு வருவோம். ஆய்வுகூடத்திலிருந்து மட்டும் குவிஸ் எழுதலாம் என்று விரிவுரையாளர் கட்டுப்பாடு போட்டிருப்பார். அதில் ஆய்வுகூடத்தின் உள்வலை முகவரி, அதாவது 10 அல்லது 192.168 என்று தொடங்குவது இருக்கும். சேர்வர் வெளியே போனபின் அந்த முகவரி அதற்குத் தெரியாது. வளாகத்தின் ஒரே பொது முகவரிதான் தெரியும். பரீட்சை நாள் காலையில் ஒரு வகுப்பே வெளியே நிற்கும். முன்னால் சுமைப் பகிர்வி (கோரிக்கைகளைப் பல சேர்வர்களுக்குப் பிரித்தனுப்புவது) வைத்திருந்தால் இன்னும் மோசம்: மூடிலில் அதற்குரிய அமைப்பைச் செய்யாவிட்டால் எல்லா மாணவரும் ஒரே முகவரியிலிருந்து வருவதாகத் தோன்றும்.

சுமையும் அப்படித்தான். 300 பேர் 9 மணிக்கு ஒன்றாகத் தொடங்கும் குவிஸ், நாள் முழுவதும் பரந்து வரும் 3,000 பேரைவிடக் கனமானது. தொடங்கிய பின்னும் மூடில் விடைகளை இயல்பாக நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கும். 300 பேருக்கு அது வினாடிக்கு 5 கோரிக்கை. ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் பிஎச்பி வேலையாள் ஒன்றுக்கு 100 மெகாபைற் நினைவகம் என்று வைத்தால், 16 கிகாபைற் இயந்திரத்தில் மற்றவற்றுக்கு 4 ஒதுக்கியபின் ஏறத்தாழ 120 வேலையாட்கள் ஓடலாம். அப்படி இரண்டு இயந்திரம் வைத்தால் 240, ஒவ்வொன்றுக்கும் ஒரு தரவுத்தள இணைப்பு வேண்டும். ஆனால் நீங்களே நிறுவும் மைஎஸ்கியூஎல், மரியாடிபி தரவுத்தள மென்பொருள்கள் இரண்டும் இயல்பாக ஏற்கும் இணைப்புகள் 151 மட்டும். இயந்திரத்தைக் கூட்டியும் தளம் விழுவது இதனால்தான். விலை குறைந்த சில சேர்வர் வகைகள் சீபீயு வேகத்தைச் சேமிப்புக் கணக்குப் போலத் தருகின்றன: சும்மா இருக்கும்போது சேரும், சுமையில் கரையும். முதல் மணித்தியாலம் நன்றாக ஓடி, இரண்டாவதில் தவழும். இல்லையேல் மேலதிகக் கட்டணம் ஏறும். மூன்று மணித்தியாலப் பரீட்சைக்கு அந்த வகையை எடுக்காதீர்கள்.

ஒப்படைகளில் ஒரு சின்ன விஷயம், மாணவரை அழவைக்கும். எழுதிய தாளைப் போனில் படமெடுத்தால் ஒரு பக்கம் 3 முதல் 5 மெகாபைற் வரும். புதிய சேர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வலைச்சேர்வர் மென்பொருள் இயல்பாக அனுமதிப்பது 1 மெகாபைற், பிஎச்பி 2 மெகாபைற். பழைய சேர்வரில் யாரோ எப்போதோ உயர்த்திவைத்த எல்லை புதியதற்குத் தானாக வராது. இந்த இரண்டு இடத்தோடு பிஎச்பியின் மொத்தப் பதிவேற்ற எல்லையையும் உயர்த்துங்கள்.

மின்னஞ்சல்: பெரிய கிளவுட் நிறுவனங்கள் மின்னஞ்சல் வெளிச்செல்லும் 25 ஆம் இணைப்புத் துறையை (port) இயல்பாக அடைத்தே வைக்கின்றன. மறந்த கடவுச்சொல்லுக்கான மடல் போகாது, பிழைச்செய்தியும் மாணவருக்குத் தெரியாது. 587 ஆம் துறை வழியாக அஞ்சல் சேவை ஒன்றை ஒழுங்கு செய்யுங்கள். அதற்கு மாறாக, ஒத்திகைப் பிரதியில் மின்னஞ்சலை முற்றாக நிறுத்திவிடுங்கள். நிறுத்தாமல் கிரொன் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஓடினால் பழைய அறிவித்தல்கள் எல்லா மாணவருக்கும் இரட்டிப்பாகப் பறக்கும்.

தளத்தின் இணைய முகவரியை மாற்றவே வேண்டாம். மாற்றினால் போனில் மூடில் செயலி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தளத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும்; பாடங்களுக்குள் உள்ள பழைய இணைப்புகளும் அறுந்துபோகும். பாதுகாப்புச் சான்றிதழின் இடைச் சங்கிலியையும் முழுமையாக நிறுவுங்கள். அது குறைந்தால் அலுவலகக் கணினியில் தளம் திறக்கும், மாணவரின் அன்ட்ரொயிட் போனில் செயலி மறுக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்திலும் துணுக்காய்ப் பக்கத்திலும் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய்ப் பாடத்தை இறக்கிக்கொண்டு வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் செயலிதான் வகுப்பறை.

அந்தப் பிள்ளையின் டேற்றாவை நிர்வாகம் தன் செலவாகவே எண்ண வேண்டும். 2020 இல் கொவிட் முடக்கத்தின்போது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் (LEARN) வலையமைப்பின் ஊடாகப் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்குக் கட்டணமின்றிச் செல்லத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழிவிட்டன. இப்படியான சலுகை எந்த முகவரிக்குப் போகும் டேற்றா என்று பார்த்தே கொடுக்கப்படுவது. சேர்வர் மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ போனால், தளத்தின் பெயர் மாறாவிட்டாலும் அதன் எண் முகவரி (IP) மாறும். இன்று உங்கள் மாணவருக்கு ஏதாவது சலுகை இருந்தால் அதுவும் போகலாம். முதலில் லேர்னிடமும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமும் எழுத்தில் கேளுங்கள். நாட்டுக்குள்ளேயே, லேர்னிலோ அரச கிளவுட்டிலோ இடம் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

காணொளிகளை மூடிலுக்குள் வைத்து அப்படியே ஏற்ற வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கிளவுட்டில் உள்ளே போகும் டேற்றாவுக்குக் காசில்லை. வெளியே வருவதற்குத்தான் காசு. மும்பையில் அமேசனின் பட்டியல் விலை கிகாபைற்றுக்கு ஏறத்தாழ 0.11 டொலர். 400 மெகாபைற் விரிவுரை ஒன்றை 600 பேர், மாதம் 20 விரிவுரை என்று பார்த்தால் 4,800 கிகாபைற், 500 டொலருக்கு மேல். சேர்வர் வாடகையை இது விழுங்கிவிடும். அதே ஒரு மணி விரிவுரையை வினாடிக்கு 400 கிலோபிற்றுக்கு இறக்கினால் 180 மெகாபைற். ஒலி மட்டும் 48 கிலோபிற்றில் எடுத்தால் 22 மெகாபைற். பலகையில் அதிகம் எழுதாத பாடத்துக்கு ஒலியும் ஸ்லைட்டும் தாராளமாகப் போதும். இது மாணவரின் பையையும் சேர்த்துக் காப்பாற்றும்.

நிதியாளருக்கு ஒரு சொல். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. டொலரில் வரும் மாதக் கட்டணத்துக்கு ரூபாவில் வருடத் தொடக்கத்தில் ஒதுக்கிய தொகை அப்படியான வருடத்தில் பாதியில் தீரும். பெறுகைக் குழு விலைமனுக் கோரும்போதே ரூபாவில் நிலையான விலையைக் கேளுங்கள். முடியாவிட்டால் மாத உச்சவரம்பும் அதை நெருங்கும்போது எச்சரிக்கையும் இருக்கட்டும். கணக்கு ஒரு தனி அலுவலரின் பெயரிலோ அட்டையிலோ இருக்கவே கூடாது. சட்ட அலுவலர் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26 ஆம் பிரிவையும் அதன் பின்வந்த திருத்தத்தையும் படித்து, மாணவர் தரவை நாட்டுக்கு வெளியே வைப்பது பற்றி எழுத்தில் அபிப்பிராயம் தரட்டும்.

இவையெல்லாம் ஒத்திகையில் தேறியபின் திகதி. கார்த்திகை, மார்கழி மழைக்காலம் வேண்டாம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வசதியாகத் தோன்றும். ஆனால் அன்று உதவிக்கு அழைக்கவும் ஒருவர் இருக்கமாட்டார். பரீட்சை முடிந்து அடுத்த அரையாண்டு தொடங்குமுன் வரும் ஒரு வெள்ளி இரவு நல்லது. நான்கு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவின் (தளத்தின் பெயருக்குரிய எண் முகவரியைச் சொல்வது) நினைவு நேரத்தை 86,400 வினாடியிலிருந்து 300 ஆகக் குறையுங்கள். அன்றிரவு பழைய தளத்தைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றி, கிரொனை நிறுத்தி, கடைசி டம்பும் கடைசிச் சுற்றுப் பிரதியும் எடுத்து, எண்ணிக்கைகளை ஒப்பிடுங்கள்: பயனர், பாடநெறி, ஒப்படை, புள்ளி. பொருந்தினால் மட்டும் டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். ஞாயிறு நண்பகலுக்குள் சரிவராவிட்டால் பழையதற்கே திரும்புவது என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். அந்த முடிவை எடுப்பவர் யார் என்பதையும் எழுதுங்கள். டிஎன்எஸ்ஸை மாற்றியபின் பழைய தளத்தைத் திறந்து விட்டுவிடாதீர்கள். சில போன்கள் பழைய எண் முகவரியை இன்னும் நினைவில் வைத்திருக்கும். மாணவர் அங்கே ஒப்படையைப் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று நம்பியிருப்பார்.

புதிய சேர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தால், இரவு 2 மணிக்கென்று வைத்த பக்கப் எங்கள் காலை 7.30 இற்கு ஓடும். கொழும்பு நேரத்துக்கு மாற்றுங்கள். ஒரு பிரதி கிழமைதோறும் வளாகத்துக்குத் திரும்பி வரட்டும். பழைய இயந்திரத்தை ஓர் அரையாண்டு முழுதும், முதற் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் வரை, அழிக்காமல் வைத்திருங்கள்.

அன்புடன்,
வன்னியில் கற்றல் தளங்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளர்கள்