தேன்மொழிக்கு அப்பா எழுதுவது

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள தேன்மொழி,

போன வாரம் போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. "வாங்குறவங்க எல்லாம் பெரிய கம்பெனிப்பா, படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்து போடுறாங்க" என்றாய். மும்பை வங்கியில் நீ டெரிவேட்டிவ், அதாவது டாலர், வட்டி மாதிரி ஒன்றின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பணம் கைமாறுகிற ஒப்பந்தங்களை வடிவமைக்கிற வேலைக்குப் போனதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பேச்சை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

தம்பு செட்டித் தெருவில் காலமெல்லாம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கையெழுத்துக்கு கோர்ட்டில் என்ன மதிப்பு என்று தெரியும். 2008-ல் நம் ஹைகோர்ட்டுக்கு வந்த ராஜஸ்ரீ சுகர்ஸ் வழக்கு உன் ஆபீசிலும் தெரிந்திருக்கும். கோவை சர்க்கரைக் கம்பெனி ஆக்சிஸ் வங்கியோடு போட்ட டாலர்–சுவிஸ் ஃபிராங்க் ஒப்பந்தம் வெறும் சூதாட்டம், செல்லாது என்று வாதாடியது. சூதாட்டம் இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. சரி, சட்டப்படி அது அப்படியே இருக்கட்டும்.

அதே காலத்தில் திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரர்கள் பலரும் இப்படி மாட்டிக்கொண்டார்கள். டாலரில் பில் போடுகிறவருக்கு ஃபிராங்கில் என்ன வேலை? டாலர் இறங்கினால் பாதுகாப்பு வேண்டும் என்றுதான் அவர் வங்கிக்குப் போனார். வந்தது டாலர் ஃபிராங்குக்கு எதிரே ரொம்ப விழாது என்கிற வேறொரு பந்தயம். 2008 மார்ச்சில் டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே விழுந்தது.

எங்கள் ஆபீசுக்கு வந்த வங்கி வழக்குகளில் ஒரு காகிதத்தை நானே வழக்குக் கட்டுக்குள் கோத்திருக்கிறேன். "இதிலுள்ள ஆபத்தை முழுமையாகப் புரிந்துகொண்டோம்" என்று வங்கியே டைப் அடித்து வைத்திருக்கும். கீழே கம்பெனி முத்திரை, கையெழுத்து. நஷ்டம் எதுவரை போகும் என்று ஒரு எண்கூட இருக்காது. அந்தக் காகிதம் காப்பாற்றுவது வாங்கினவரை இல்லை, கண்ணு.

பெரிய ஆட்கள் ஏமாற மாட்டார்கள் என்பதும் சரியில்லை. 2007-ல் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க வங்கி விற்ற அபாகஸை எடுத்துக்கொள். அமெரிக்க வீட்டுக் கடன்களை வைத்துக் கட்டிய சரக்கு. எந்தக் கடன்களைச் சேர்ப்பது என்பதில் ஜான் பால்சன் என்பவரின் ஹெட்ஜ் ஃபண்டுக்கும் (பெரும் பணக்காரர்களின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்கிற நிறுவனம்) கை இருந்தது. அவை மூழ்கும் என்று பந்தயம் கட்டியதும் அதே ஃபண்ட்தான். இதை வாங்கினவர்களிடம் சொல்லவில்லை. வாங்கினவர்களில் ஒரு ஜெர்மன் வங்கியும் உண்டு. 2010-ல் கோல்ட்மேன் 55 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தது. விஷயம் சிக்கலாக இருந்ததால்தான் அந்த ஒரு உண்மையை உள்ளே ஒளிக்க முடிந்தது.

நம் ஊரில் யெஸ் வங்கியின் ஏடி-1 பத்திரம், அதாவது வங்கி நொடிந்தால் போட்ட பணம் திரும்பாமலே போகக்கூடிய கடன் பத்திரம். எஃப்டி போலத்தான், வட்டி கூட என்று சொல்லித் தனி ஆட்களிடமும் விற்றார்கள். 2020 மார்ச்சில் 8,415 கோடி ரூபாய் பத்திரங்களைப் பூஜ்ஜியமாக எழுதிவிட்டார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி பிறகு வங்கிக்கு 25 கோடி அபராதம் போட்டது.

வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. அரிசி ஏற்றுமதி செய்கிறவருக்கு டாலர் விலையைப் பூட்டி வைக்க ஃபார்வர்டு ஒப்பந்தம் வேண்டும். அது நல்ல காரியம். நீ இப்போது கட்டுகிற சரக்கைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதி அனுப்பு. வாங்கினவருக்கு அதிகபட்சம் எவ்வளவு நஷ்டமாகும், அந்தப் பணம் யார் கைக்குப் போகும், விலைக்குள் உங்கள் வங்கி எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, இந்த மூன்றையும் எழுது. எழுத வராவிட்டாலும் சொல், பேசுவோம். எழுத வந்தால் அதே பக்கத்தை வாங்குகிறவருக்கும் கொடுக்கச் சொல்லி உன் மேலதிகாரியிடம் கேள். அவர் என்ன சொன்னார் என்றும் எழுது.

அன்புடன்,
அப்பா