பூச்சு வேலைக்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய வீட்டுப் படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். மாடி அறை நல்ல காற்றோட்டமாக வந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் சுவரில் காடி எடுத்திருப்பதும் தெரிந்தது. கரண்டுக்குப் பைப் போகிறது, நெட்டுக்கு ஒரு பைப்பைக்கூடக் காணோம். போனில் கேட்டதற்கு, "எல்லாம் வைஃபைதானே அப்பா, இந்தக் காலத்தில் வயர் எதுக்கு?" என்றாய். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. சொல்ல நிறைய இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

வைஃபை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். போனை வயரில் கட்டிப்போட முடியுமா? இப்போது நீங்கள் இருக்கும் வாடகை வீடு மாதிரி இரண்டு அறை என்றால் நடுவில் ஒரு ரூட்டர் வைத்தால் போதும். ஆனால் புது வீட்டில் ரூட்டர் கீழே ஹாலில் இருக்கும், நீ வேலை பார்க்கப்போவது மாடியில். இடையில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். வைஃபைக்கு வழக்கமாக இரண்டு அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று. இரண்டில் வேகமானது 5. சுவரைத் தாண்டுவதற்குள் முதலில் சோர்ந்துபோவதும் அதுதான். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அதற்குள்தான் நெருக்கியடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது.

அதோடு, காற்றில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். புது ரூட்டர்கள் இதைக் கொஞ்சம் சமாளிக்கின்றன, ஆனாலும் அடிப்படை அதுதான். மாப்பிள்ளை டிவியில் மேட்ச் பார்க்கிறார், பேரன் கேம் விளையாடுகிறான், நீ மீட்டிங்கில் இருக்கிறாய் என்றால் மூன்று பேரும் வரிசையில் நிற்கிறீர்கள். போன மாதம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துபோய், அப்புறம் அழாத குறையாக எனக்குப் போன் செய்தாயே, அது என் மனதிலேயே நிற்கிறது. வயரில் போவதும் வருவதும் ஒரே சமயத்தில் நடக்கும்.

நான் 31 வருஷம் டெலிபோன் கேபிள் ஜாயிண்ட் போட்டவன். பள்ளத்தில் உட்கார்ந்து நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல் என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே ஜோடி சேர்த்திருக்கிறேன். மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் நீ மோதிரமும் வளையலும் பின்னுவாய். நெட்டுக்குப் போடும் லேன் கேபிள் ஒன்றை உரித்துப் பார், அதே வரிசையின் முதல் நான்கு நிறங்கள் இருக்கும். நாலு ஜோடி, எட்டு கம்பி. ஒவ்வொரு ஜோடியையும் முறுக்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடும். அதனால்தான் ஜோடி பிரியக் கூடாது. எங்கள் காலத்தில் ஜோடி மாறினால் அடுத்த வீட்டுப் பேச்சு காதில் விழும்.

நம் வீட்டிலேயே இது நடந்தது. போன வருஷம் ஒருவர் வந்து கேபிளுக்கு முனை அடித்துவிட்டுப் போனார், அதாவது இரு நுனியிலும் பிளக் மாட்டினார். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன, ஆனாலும் நெட் திணறியது. பார்த்தால் பிளக்கின் எட்டு இடங்களில் பச்சை ஜோடியை 3, 4 என்று அடுத்தடுத்து அடித்திருந்தார். பிளக்கில் 3-உம் 6-உம்தான் ஒரு ஜோடி, பச்சை போக வேண்டியது அதில். நடுவில் உள்ள 4, 5 நீலத்துக்கு. இரண்டு முனையையும் வெட்டி நானே மறுபடி அடித்தேன், சரியானது. உன் வீட்டில் முனை அடிக்கும் வேலையை எனக்கே விட்டுவிடு.

இப்போது எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியது. உன் மேஜைக்கு இரண்டு கேபிள், டிவிக்குப் பின்னால் ஒன்று, மாடி ஹால் கூரைக்கு ஒன்று. கூரையில் வருவதுதான் எனக்கு முக்கியம். அங்கே ஆக்சஸ் பாயிண்ட் என்ற, வைஃபை பரப்பும் பெட்டி ஒன்றை மாட்டினால் அதற்கான கரண்டையும் அந்தக் கேபிளிலேயே கொடுக்கலாம், மாடி முழுக்க வைஃபை கிடைக்கும். மாப்பிள்ளை ரிப்பீட்டர் வாங்கலாம் என்றாராம். சாதாரண ரிப்பீட்டர் கேட்டதையே அதே காற்றில் இன்னொரு முறை சொல்லும், அதிலேயே வேகம் பாதி போய்விடும். அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்.

கேபிளில் கேட் 6 என்ற ரகம் போதும். 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகம் தாங்கும், உன் வீட்டில் எந்த ஓட்டமும் 30 மீட்டரைத் தாண்டாது. சுத்தச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு பூசியதையும் விற்கிறார்கள். கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அதை வாங்காதே. கரண்ட் பைப்புக்குள் இதைச் சேர்த்து இழுக்க விடவே கூடாது. தனிப் பைப், ஓர் அடியாவது தள்ளி. குறுக்கே தாண்ட வேண்டியிருந்தால் நேர் குறுக்காகத் தாண்டட்டும். வாசல் சுவரிலிருந்து ரூட்டர் வரும் இடத்துக்கு ஒரு பைப்பைக் காலியாக விட்டு உள்ளே நைலான் கயிறு போட்டு வை, வெளியிலிருந்து நெட் கொண்டுவரும் ஃபைபர் கேபிள் அதில் வரும்.

பூச்சு வேலை சனிக்கிழமை தொடங்கும் என்றாய். கொத்தனாரிடம் அதை இரண்டு நாள் தள்ளிப்போடச் சொல், நான் வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் வந்துவிடுகிறேன். பைப் போட்டதும் அளவு டேப்பைச் சுவரோடு பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வை. நாளைக்கு அலமாரிக்கு ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.

அன்புடன்,
அப்பா