புதிய தீயணைப்பு நிலையம்: வரைபடத்தை ஓட்டுநரிடமும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரில் கட்டப்போகும் புதிய தீயணைப்பு நிலையத்தின் மாதிரிப் படமும் தளவரைபடமும் உங்கள் நாளிதழில் வந்திருந்தன. கண்ணாடி முகப்பு, நடுவில் உயரமான வரவேற்புக் கூடம், ஓரத்தில் வண்டிக் கூடம், முதல் மாடியில் வீரர்கள் ஓய்வறை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். கட்டடக் கலையில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த வரைபடத்தில் நான் தேடியது ஒன்றைத்தான்: நடு ராத்திரியில் மணி அடித்தால், மாடியில் படுத்திருப்பவன் வண்டிக்கு வந்து சேர வழி எது? ஓய்வறைக் கதவு, நீளமான நடை, இன்னொரு கதவு, வரவேற்புக் கூடத்தைச் சுற்றி வளைந்து இறங்கும் படிக்கட்டு, அப்புறம் இன்னொரு கதவு. அதற்குப் பிறகுதான் வண்டி.

தீயணைப்பு நிலையம் என்றாலே எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று, எத்தனை நிமிடத்தில் வண்டி வரும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அந்த நிமிடங்களில் ஒரு பகுதி கட்டடத்துக்கு உள்ளேயே கரைந்துபோகிறது. அமெரிக்காவின் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கம் வகுத்த என்.எஃப்.பி.ஏ. 1710 தரநிலை, அழைப்பு நிலையத்துக்கு வந்ததிலிருந்து வண்டி கிளம்புவதற்கு 80 நொடி வைத்திருக்கிறது. முதல் வண்டி சாலையில் ஓடி இடத்தைச் சேர 240 நொடி. 80 நொடி தாராளம் என்று தோன்றும். கண் விழிக்க வேண்டும், எழ வேண்டும், இறங்க வேண்டும், கால்சட்டை, பூட்ஸ், கோட்டு போட வேண்டும், ஏறி பெல்ட் மாட்ட வேண்டும், வாசல் கதவு திறக்க வேண்டும். போக்குவரத்து நெரிசலில் பத்து நொடி மிச்சம் பிடிக்க ஓட்டுநர் என்ன பாடு படுகிறான் என்பது எனக்குத் தெரியும். அதே பத்து நொடியைப் படிக்கட்டை இடம் மாற்றி வரைந்தே மிச்சம் பிடித்துவிடலாம், யார் உயிருக்கும் ஆபத்தில்லாமல்.

பத்து நொடியில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பழைய காலத்து மரச் சாமான்களும் பருத்தித் துணியும் நிறைந்த அறையையும், இப்போதைய ஃபோம் சோபாவும் செயற்கை இழைத் திரையும் உள்ள அறையையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக் கொளுத்திப் பார்த்திருக்கிறார்கள், அமெரிக்காவில் யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை ஆய்வுக்கூடத்தார். பழைய அறை மொத்தமாகப் பற்றிக்கொள்ள அரை மணி நேரத்துக்கு அருகில் ஆனது. புது அறைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் போய்ச் சேரும் நேரமும் ஏறக்குறைய அதுதான். சில நொடி முந்தினால் ஒரு அறையை அணைக்கிறோம், பிந்தினால் ஒரு வீட்டை.

மாடியிலிருந்து சறுக்கி இறங்கும் கம்பம் வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லலாம். 1878-இல் சிகாகோவில் டேவிட் கென்யன் என்ற தீயணைப்புப் படை கேப்டன் ஆரம்பித்துவைத்தது அது. கீழே குதிரைகள், மேலே வைக்கோலும் ஆட்களும் என்று நிலையங்கள் இருந்த காலம். குதிரை போய்விட்டது, கம்பம் மட்டும் நின்றுவிட்டது. தூக்கக் கலக்கத்தில் அதில் இறங்கிக் கணுக்காலை உடைத்துக்கொள்வதும், தரையிலுள்ள ஓட்டை வழியே தவறி விழுவதும் நடந்திருக்கின்றன; அதனால் பல இடங்களில் அதை எடுத்தும் விட்டார்கள். இடம் இருந்தால் ஓய்வறையைத் தரைத் தளத்திலேயே, வண்டிக் கூடத்தை ஒட்டி வையுங்கள். இல்லையா, இரண்டு பேர் தோளோடு தோள் இறங்கும் அகலத்தில், திருப்பம் இல்லாத நேர்ப் படி போதும். அலுவலகமும் கூட்ட அறையும் மாடிக்குப் போகட்டும். கோப்புகள் ஓட வேண்டியதில்லை.

இப்போது வண்டிக் கூடத்துக்கு வருகிறேன். படத்தில் முன்பக்கம் மட்டும்தான் கதவு. பின்பக்கம் சுவர். அப்படியென்றால் ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் வண்டியை ரிவர்ஸில்தான் உள்ளே ஏற்ற வேண்டும். இதை ஓட்டாதவர்களுக்குச் சொன்னால் புரிவதில்லை. ராத்திரி முழுவதும் புகையில் நின்றுவிட்டு வந்திருப்போம். சாலையில் போகிற வாகனங்களை ஒருவன் நிறுத்த வேண்டும். இன்னொருவன் பின்னால் நின்று கை காட்டுவான். கண்ணாடியில் அவன் தெரியும் வரைக்கும்தான் வண்டியை நகர்த்தலாம். அவன் ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்துவிட்டால் கண்ணாடியில் வெறும் இருட்டு. அந்த நேரத்தில் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அவன் நிற்கிறானா என்று தெரியாமல் பிரேக்கில் கால் வைத்தபடி காத்திருப்பதைவிட மோசமான வேலை இந்தத் தொழிலில் குறைவு. பின்பக்கமும் கதவு வைத்து, சுற்றி வர ஒரு பாதையும் விட்டால், வண்டி பின்னால் நுழைந்து முன்னால் கிளம்பும். மனை சிறியது, எல்லா வரிசைக்கும் முடியாது என்றால் அடிக்கடி வெளியே போகும் முதல் வண்டிக்காவது செய்யலாம்.

கதவையும் யோசியுங்கள். மேலே சுருளும் ஷட்டர் பாதி ஏறியிருக்கும்போதே வண்டியை நகர்த்திக் கூரையிலுள்ள ஏணியை இடித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பக்கவாட்டில் மடியும் கதவு சட்டென்று திறக்கிறது. முழுசாகத் திறந்ததா இல்லையா என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்தே தெரிகிறது. எந்தக் கதவானாலும் மின்சாரம் போனால் கையால் திறக்க வழி இருக்க வேண்டும், அதுவும் ஒரே ஆளால். தீ விபத்தும் மின்தடையும் சேர்ந்தே வருவது வழக்கம்.

அப்புறம், வாசல் முற்றம். கதவுக்கும் நடைபாதைக்கும் நடுவில், நிலையத்தில் இருக்கிற நீளமான வண்டி முழுதாக நிற்கும் அளவுக்கு இடம் வேண்டும். இல்லையென்றால் ஓட்டுநர் சாலையில் என்ன வருகிறது என்று பார்ப்பதற்கே வண்டியின் மூக்கைச் சாலைக்குள் நீட்ட வேண்டிவரும். இன்றைய வண்டியை அளந்து அளவு போடாதீர்கள். கட்டடம் ஐம்பது வருடம் நிற்கும், அதற்குள் மூன்று தலைமுறை வண்டி மாறிவிடும். ஒவ்வொரு தலைமுறையும் முன்னதைவிட உயரமாகவும் நீளமாகவும்தான் வந்திருக்கிறது. தளம் தாங்க வேண்டிய எடையும் அப்படியே. 4500 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டுமே நாலரை டன், வண்டியின் எடை தனி.

ஒரு சின்ன விஷயம், ஆனால் என் மாதிரி ஆட்களுக்குப் பெரியது. கனரக வண்டிகளில் காற்று பிரேக். தொட்டியில் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் பிரேக் விடாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எங்காவது மெல்லக் கசிந்திருந்தால், எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, அழுத்தமானியின் முள் மேலே வரும் வரை எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டியதுதான். பின்னால் இருப்பவன் “என்ன அண்ணே, கிளம்பலையா?” என்பான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? இதற்கு மருந்து சுலபம். ஒவ்வொரு வண்டிக்கும் மேலே காற்று இணைப்பு ஒன்று, பேட்டரி சார்ஜ் ஆக மின் இணைப்பு ஒன்று. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் தானாகக் கழன்று விழும் வகை இருக்கிறது. கட்டும்போதே குழாயும் வயரும் போட்டுவிட்டால் பெரிய வேலை இல்லை. கட்டி முடித்த பிறகு கூரையைக் குடைவதென்றால் யாரும் செய்ய மாட்டார்கள்.

இனி புகை. எங்கள் காலத்தில் கரி படிந்த கோட்டு பெருமைக்குரிய விஷயம். புதிதாக வந்தவனின் கோட்டு பளிச்சென்று இருந்தால் கேலி செய்வோம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை டீசல் புகையை 2012-இல் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. 2022-இல் தீயணைப்பு வீரராகப் பணிபுரிவதையே அதே பிரிவில் சேர்த்துவிட்டது. எரிந்த பிளாஸ்டிக்கின் நச்சு கோட்டிலும் கையுறையிலும் ஒட்டிக்கொண்டு நிலையத்துக்கு வருகிறது. சமையலறைக்கும் படுக்கைக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் போகிறது. அதனால் இப்போது நிலையங்களை அழுக்குப் பகுதி, இடைப் பகுதி, சுத்தப் பகுதி என்று பிரித்துக் கட்டுகிறார்கள். திரும்பி வருபவன் வண்டிக் கூடத்திலேயே உடையைக் கழற்றி, அங்கேயே உள்ள இயந்திரத்தில் துவைக்கப் போட்டு, குளித்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். வந்திருக்கும் வரைபடத்தில் குளியலறை மாடியில், ஓய்வறையைத் தாண்டி இருக்கிறது. கரியோடு படுக்கைகளைக் கடந்து போய்த்தான் குளிக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று நாங்கள் உடையை வண்டியின் பக்கத்திலேயே வைத்துப் பழகியவர்கள். பூட்ஸுக்குள் கால்சட்டையை இறக்கி மடித்து நிறுத்தியிருப்போம். காலை விட்டு இழுத்தால் இரண்டும் ஒன்றாக ஏறும். ஆனால் வண்டியை ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தத் துணி டீசல் புகையைக் குடிக்கிறது. கதவுக் கண்ணாடி வழியே வெயில் விழுந்தால், தீயைத் தாங்கும் அந்த இழை வெயிலைத் தாங்காமல் வலுவிழந்தும் போகிறது. சரி, தூரத்தில் ஒரு அறையில் வைக்கலாமென்றால் நொடி போகிறது. என் யோசனை: உடை அறையைப் படுக்கைக்கும் வண்டிக்கும் இடையில், போகிற வழியிலேயே வையுங்கள். வெயில் படாமல், தனிக் காற்றோட்டத்தோடு, வண்டிக் கூடத்துப் புகை உள்ளே வராதபடி தானே மூடிக்கொள்ளும் கதவோடு. யாரும் சுற்றிப் போக வேண்டாம். வண்டிப் புகைக்கு, புகைக்குழாயில் மாட்டி வெளியே இழுத்துவிடும் குழாய் அமைப்பு இருக்கிறது. வண்டி வாசலைத் தாண்டும்போது தானாகக் கழன்றுகொள்ளும்.

பெண் வீரர்களுக்குத் தனி உடை மாற்றும் அறையும் குளியலறையும் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம். அவையும் அதே வழியில், அதே தூரத்தில் இருக்க வேண்டும்.

அழைப்பு மணியைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். பணியில் இருக்கும்போது இறக்கும் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் 45 சதவீதம் பேர் இதய நோயால் இறக்கிறார்கள் என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அழைப்பு வந்து கிளம்பும் நேரமும் ஆபத்தான நேரங்களில் ஒன்று. காதைக் கிழிக்கும் மணிக்குப் பதிலாக, மெல்லத் தொடங்கி ஏறும் ஒலியும், கண் கூசாத சிவப்பு விளக்கும் இப்போது வந்துவிட்டன. எந்த வண்டிக்கு அழைப்போ அந்த ஆட்களை மட்டும் எழுப்பவும் முடிகிறது.

தண்ணீர் நிரப்பும் குழாயை மறந்துவிடாதீர்கள். நிமிடத்துக்கு 450 லிட்டர் தரும் குழாயில் அந்த 4500 லிட்டரை நிரப்பப் பத்து நிமிடம். 1500 லிட்டர் தந்தால் மூன்று. பெரிய தீயென்றால் வண்டிகள் மாற்றி மாற்றி வந்து வரிசையில் நிற்கும். ஒரு மேல்நிலைத் தொட்டியும் அகலக் குழாயும் இருந்தால் மின்சாரம் இல்லாமலே வேலை நடக்கும்.

கட்டடத்தின் உறுதியைப் பற்றி ஒரே ஒரு செய்தி. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில், பக்கத்துக் கட்டடத்தின் புகைபோக்கி தீயணைப்பு நிலையத்தின் மேல் சரிந்தது. உள்ளே தங்கியிருந்த தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் படுகாயம் அடைந்து சில நாளில் இறந்தார். நகரம் பற்றி எரிந்தபோது அதைக் காக்க வேண்டிய தலைவரே படுக்கையில் கிடந்தார். நம் நிலையத்தின் இருபுறமும் என்ன உயரத்தில் கட்டடம் வரலாம் என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது. நிலநடுக்கத்தில் கட்டடம் விழாமல் நின்றாலும், சட்டம் கொஞ்சம் கோணிக் கதவு சிக்கிக்கொண்டால் வண்டி உள்ளேயே அடைபட்டுவிடும்.

அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் வைல் ஆம் ரைன் என்ற ஊரில், 1981-இல் தீ விபத்தில் பெரும்பகுதி அழிந்த விட்ரா என்ற மரச்சாமான் நிறுவனத்தின் தொழிற்சாலை வளாகத்துக்கு ஜஹா ஹதீத் வடிவமைத்த தீயணைப்பு நிலையம் 1993-இல் கட்டி முடிந்தது. உலகமே பேசியது. இன்று அதில் கண்காட்சியும் நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. நமக்கு வேண்டியது வண்டி கிளம்பும் இடம்.

என் கோரிக்கை இதுதான். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால், தளவரைபடத்தை ஒரு திறந்த மைதானத்தில் அசல் அளவில் சுண்ணாம்புக் கோடாகப் போடுங்கள். சுவர், கதவு, படுக்கை, உடை அறை, வாசல் முற்றம் எல்லாம். படிக்கட்டு இருந்தால் அதற்கான நொடிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பணியில் இருக்கும் வீரர்களைக் கூப்பிட்டு, படுக்க வைத்து, மணி அடித்து, ஸ்டாப்வாட்சைப் பிடியுங்கள். பகலில் ஒரு முறை, ராத்திரி விளக்கை அணைத்து ஒரு முறை. ஏணி வண்டியைக் கொண்டுவந்து, கோட்டைத் தொடாமல் உள்ளே விட்டு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை, சில மூட்டைச் சுண்ணாம்பு. வடிவமைப்பாளர் கட்டாயம் வர வேண்டும். முடிந்தால் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீயணைப்பு வாகன ஓட்டுநர்