மெக்காலன் நூலகத்தில் உதவிய அக்காவுக்கு

டெக்சாஸ் மாநிலம், மெக்காலன் பொது நூலகத்தில் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு இந்த நன்றி. உங்கள் பெயர்கூடத் தெரியாது.

கல்லூரி உதவித்தொகைக்கான ஃபாஃப்சா படிவத்தில் பெற்றோரின் சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு ஆளாளுக்குக் கொடுக்கும் எண்) கேட்ட இடத்தில் திகைத்து நின்றேன். மெக்சிகோவிலிருந்து வந்த என் பெற்றோருக்கு அது கிடையாது. "ஒன்பது பூஜ்யம் போடு, கையெழுத்துப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துத் தபாலில் அனுப்பு" என்றீர்கள். அப்போது அதுதான் வழி. பள்ளியில் ஒருவரும் சொல்லவில்லை!

அம்மாவுக்கு அரசாங்கத் தாளில் பெயர் எழுதவே பயம். அவரிடம் ஸ்பானிய மொழியில் பொறுமையாகப் பேசிப் பேனாவைக் கையில் கொடுத்தீர்கள்.

அப்பாதான் பெரிய பாடு. கல்யாணத்துக்கு முன் பெண் பிள்ளை வெளியூரில் தங்குவதா, அதுவும் கம்ப்யூட்டர் படிக்கவா என்றார். 1993இல் டிஸ்கவரி விண்கலத்தில் பறந்த எலன் ஓச்சோவாவின் தாத்தா பாட்டியும் மெக்சிகோக்காரர்கள்தான் என்று நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். முழுசாக மசியவில்லை, ஆனால் கல்லூரி இருக்கும் ஆஸ்டினுக்கு வண்டி ஓட்டி வந்து என்னைக் கொண்டுவிட்டது அவர்தான்.

இப்போது தங்கையும் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு விண்ணப்பிக்கிறாள். இந்த முறை அப்பா வாயே திறக்கவில்லை.