சுங்குவார்சத்திரம் விஷயத்துல ஒரு விசாரணை கமிஷன் போடுங்க: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுகாதாரத் துறை அமைச்சர் அவர்களுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நம்ம சுங்குவார்சத்திரத்துல இருந்த ஒரு ஃபேக்டரில காய்ச்சுன கோல்ட்ரிஃப் இருமல் சிரப்ப குடிச்சு மத்தியப் பிரதேசத்துல புள்ளைங்க செத்த கதைய நான் உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல, ஃபைலே உங்க மேஜைல தான் இருக்கு. ஓனர் அரெஸ்ட், லைசென்ஸ் கேன்சல், சீனியர் டிரக் இன்ஸ்பெக்டர் ரெண்டு பேர் சஸ்பெண்ட், கம்பெனிக்குப் பூட்டு, எல்லாம் ஆச்சு. அதோட அந்த ஃபைல மூடிறலாம்னு நினைக்கிறீங்களோன்னு தான் பயமா இருக்கு, அதான் இத எழுதுறேன்.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். 2025 அக்டோபர் ஆரம்பத்துல மத்தியப் பிரதேசத்துல இருந்து தகவல் வந்ததும், ஆயுத பூஜை லீவுன்னு கூட பாக்காம போய் சாம்பிள் எடுத்து, ஒரே நாள்ல லேப் ரிசல்ட் சொன்னது நம்ம ஆளுங்க தான். எஸ்ஆர்-13 பேட்ச்ல, கிட்னிய அழிக்கிற விஷமான டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். இருக்கலாம்னு விட்டிருக்குற அளவு 0.1 சதவீதம். அதே சோதனைல தான் அந்த ஃபேக்டரில 364 குறைபாடுன்னு எழுதுனாங்க, அதுல 39 ரொம்ப சீரியஸானது. சரி சார், ஒரு தடவை உள்ள போனதுக்கே 364 கண்ணுல படுதுன்னா, 2011ல லைசென்ஸ் குடுத்ததுல இருந்து அதுவரைக்கும் யார் உள்ள போனாங்க, என்ன பாத்தாங்க, பாத்துட்டு என்னன்னு கையெழுத்து போட்டாங்க? கேஸ் அடுப்புல வச்சு காய்ச்சுனாங்க, துருப்பிடிச்ச சாமான்னு எல்லாம் செய்தி வந்துச்சே, அதெல்லாம் ஒரே ராத்திரில முளைச்சதா?

இந்தக் கேள்விக்கு கிரிமினல் கேஸ்ல பதில் வராது. போலீஸ் குற்றவாளி யாருன்னு பாக்கும், கண்காணிக்க வேண்டிய துறை ஏன் தூங்குச்சுன்னு பாக்காது. அதுக்குத் தான் ஒரு ஜட்ஜ் தலைமைல, மக்கள் வந்து உக்காந்து கேக்குற மாதிரி, ஒரு விசாரணை கமிஷன் போடுங்கன்னு கேக்குறேன். சிபிஐ விசாரணை கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன பொதுநல மனு தள்ளுபடி ஆயிடுச்சு. ஆனா 1952 விசாரணை ஆணையச் சட்டப்படி மாநில அரசே கமிஷன் போடலாம், யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டாம்.

மத்தியப் பிரதேசத்துல சிந்த்வாரா மாவட்டம் பராசியா பக்கம் நடந்தத ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. புள்ளைக்கு சாதாரண சளி, காய்ச்சல். டாக்டர் எழுதிக் குடுத்த சிரப்ப அம்மாவே மூடில அளந்து, அடம்புடிக்கிற புள்ளைய மடில போட்டு ஊத்தி விட்டிருக்காங்க. காய்ச்சல் விட்டுச்சு, ஆனா ஒன்னுக்கு நின்னு போச்சு. முகம் வீங்குது, வாந்தி, ஏன்னு புரியல, நாக்பூருக்குத் தூக்கிட்டு ஓடுறாங்க, டயாலிசிஸ், கைல காசில்லாம அங்க இங்க கடன் வாங்கி கட்டுறாங்க, கடைசில உயிரும் இல்ல. பராசியால அதிகாரிங்க முதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணாங்க, எலிக் காய்ச்சலோன்னு தேடுனாங்க, கொசுவான்னு பாத்தாங்க, சிரப் மேல சந்தேகம் வர்றதுக்கு ஒரு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் அது கடைல வித்துட்டு தான் இருந்துச்சு. 20க்கும் மேல புள்ளைங்க போச்சு, முக்காவாசி அஞ்சு வயசுக்குள்ள. தன் கையால ஊத்துனோமேன்னு அந்தத் தாய் வாழ்நாள் முழுக்க நினைக்கும். லைசென்ஸ் ஃபைல்ல கையெழுத்து போட்டவருக்கு அந்த நினைப்பு ஒரு நாளாவது வருமா?

இப்ப என் வீட்ல புள்ளைக்கு இருமல்னா மெடிக்கல்ல நின்னு பாட்டில திருப்பித் திருப்பி பாக்குறேன். பேட்ச் நம்பர் மங்குன மையில பாதி அழிஞ்சிருக்கு, போன் டார்ச்ச அடிச்சு தான் படிக்கணும். படிச்சு மட்டும் என்ன பண்ணப் போறேன், எந்த பேட்ச் டெஸ்ட் ஆச்சு, எது ஆகலன்னு பாக்குறதுக்கு எங்கள மாதிரி ஆளுக்கு வழி இருக்கா? கடைக்காரப் பையன் "அதெல்லாம் வடக்க தான்க்கா"ன்னு சிரிக்கிறான். தம்பி, காய்ச்சுனது காஞ்சிபுரம் மாவட்டத்துலடா.

டெல்லிய கேட்டா லைசென்ஸ் குடுத்தது ஸ்டேட்டுங்குறாங்க, உங்கள கேட்டா சென்ட்ரல் டிரக் இன்ஸ்பெக்டருங்களும் தான வந்து பாத்திருக்கணும்ங்குறீங்க. ரெண்டு பேர் சொல்றதும் உண்மையாவே இருக்கலாம், அப்ப ரெண்டு பேரையும் கூண்டுல ஏத்தி கேக்க ஒரு ஆள் வேணும்ல? ஜம்மு, காம்பியா, உஸ்பெகிஸ்தான்னு இதே விஷம் சுத்தி சுத்தி வருது. நம்ம மெட்ராஸ்லயே 1972ல ஒரு டஜனுக்கு மேல குழந்தைங்க இதுல செத்திருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு கம்பெனி பேரு மட்டும் நாறும், துறை அப்படியே இருக்கும்.

1986ல பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரில கிளிசரின்ல இதே கலப்படம் வந்து 14 பேர் செத்தப்ப ஜஸ்டிஸ் லென்டின் கமிஷன் போட்டாங்க. அந்த அறிக்கையால சுகாதார மந்திரி பாய் சாவந்த் பதவியே போச்சு. ஓ, அதனால தான் இங்க யாரும் கமிஷன் பேச்சையே எடுக்க மாட்டேங்குறாங்களோ என்னமோ. கமிஷன்னாலே நமக்கு ஜெயலலிதா சாவ விசாரிச்ச ஆறுமுகசாமி ஆணையம் தான் ஞாபகம் வருது, மூணு மாசம்னு 2017ல ஆரம்பிச்சு 2022 ஆகஸ்ட்ல முடிச்சாங்க. முதலமைச்சரா இருந்தவங்க சாவுக்கே அஞ்சு வருஷம்னா, ஊர் பேர் தெரியாத புள்ளைங்களுக்கு எத்தன தலைமுறை ஆகும்னு கேக்கத் தோணுது. மன்னிச்சுக்கோங்க, கோவத்துல எங்கயோ போயிட்டேன்.

தயவுசெஞ்சு ஜட்ஜ் தலைமைல கமிஷன் போடுங்க. எக்ஸ்டென்ஷன் குடுக்காதீங்க. அந்த ஃபேக்டரியோட இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் 2011ல இருந்து இருக்குறது அத்தனையும் வெளில வைங்க, இல்லாத வருஷத்துக்கு ஏன் இல்லன்னு சம்பந்தப்பட்டவங்க வந்து சொல்லட்டும், பராசியால இருந்து அந்தப் பெத்தவங்க வந்து பேசணும்னா போக்குவரத்து செலவ அரசு ஏத்துக்கட்டும். பதில் போட முடிஞ்சா போடுங்க ஐயா, "ஆவன செய்யப்படும்"னு மட்டும் போட்டுறாதீங்க.

இப்படிக்கு,
காஞ்சிபுரம் மாவட்டத்துல இருந்து ஒரு அம்மா