பச்சை ஒயரை மறந்துவிட்டாயா?

டேய் முருகேசா,

நான்கு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, கோபமாக இருப்பாய். மகள் வீட்டில் எல்லாரும் சுகம். லண்டன் குளிர்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

நேற்று பேத்தியின் மேசை விளக்கு எரியவில்லை. பல்பில் கோளாறு இல்லை. பிளக்கைத் திறந்தால் உள்ளே ஒரு அங்குல நீளத்தில் ஃபியூஸ், 3 ஆம்ப், போயிருந்தது! நம் ஊர் பிளக்கில் இதைப் பார்த்திருக்கிறாயா? போர் முடிந்த சமயம் இங்கே செம்புக்குத் தட்டுப்பாடு. அதனால் ஃபியூஸ் பாக்ஸில் கிளம்பும் ஒயர் எல்லா சாக்கெட்டையும் சுற்றிவிட்டுத் திரும்ப அங்கேயே வந்து சேர்கிற மாதிரி வயரிங் செய்தார்கள். அதற்கு மெயினில் 30 ஆம்ப் ஃபியூஸ். விளக்கின் மெல்லிய ஒயர் கருகினாலும் அது போகாது, அதனால் பிளக்குக்குள்ளேயே தனிக் காவல். 1947-இல் வந்த அமைப்பு இது.

கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம். அது முதலில் நுழைந்து உள்ளே இருக்கும் மூடியைத் தள்ளினால்தான் மற்ற ஓட்டைகள் திறக்கும், பேத்தி கொண்டை ஊசியை விட்டாலும் போகாது. உள்ளே எர்த் ஒயரைக் கொஞ்சம் தொளதொளவென்று நீளமாக விட்டிருக்கிறார்கள். யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தால் கரண்ட் வருகிற லைன்தான் முதலில் பிய்யும், எர்த் கடைசியில். அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

நம் உருண்டைப் பின்னும் இவர்கள் கொடுத்ததுதான், அதிலும் எர்த் பின் தடிமனாக, நீளமாகத்தான் இருக்கிறது. நாம்தான் அதை மதிப்பதில்லை. போன மாதம் தங்கச்சி போனில் சொன்னது, கிரைண்டரைத் தொட்டால் சுர்ரென்கிறதாம், செருப்பைப் போட்டுக்கொண்டு மாவாட்டு என்று நீ சொன்னாயாம். நீயா சொன்னாய்? எர்த்துக்கான பச்சை ஒயரை வெட்டிவிட்ட அன்றைக்கு நம் இரண்டு பேர் தலையிலும் முதலாளி குட்டியது மறந்துபோச்சா? ஈரக் கையோடு நிற்கிற பிள்ளைடா அது. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

முதலில் கிரைண்டர் பிளக்கைக் கழற்றிப் பார், பச்சை ஒயர் பின்னில் மாட்டியிருக்கிறதா என்று. அப்புறம் சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டைக்கு உண்மையிலேயே எர்த் வருகிறதா, கொல்லைப்புற எர்த் குழி காய்ந்து கிடக்கிறதா, எல்லாம் பார். 30 மில்லி ஆம்ப் கரண்ட் கசிந்தாலே தானாக ட்ரிப் ஆகி லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றும் வாங்கி மாட்டு, காசு நான் அனுப்புகிறேன். அதுவரைக்கும் மாவைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். தங்கச்சியிடம்தான் கேட்பேன், உன்னிடம் இல்லை.

உன்,
ராசு