செயலாளர் ஆண்டறிக்கை: குறைதிறன் ரிக் ஒப்பீடு உட்பட

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் ஞாயிறு காலை நெட், அதாவது வானொலிவழிக் கூடுகை, 7 மெகாஹெர்ட்ஸில் தொடர்ந்து நடந்தது. அமெச்சூர் லைசென்ஸுக்கான ஏஎஸ்ஓசி தேர்வு வகுப்பும் மோர்ஸ் பயிற்சியும் நடந்தன. ஆன்டெனா கம்பத்தின் ஸ்டே கம்பிகள் மாற்றப்பட்டன.

புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் தினசரி உபயோகத்துக்கு எந்த ரிக் (பேசவும் கேட்கவும் ஆன வானொலிப் பெட்டி) வாங்கலாம் என்று கேட்டபடியே இருந்ததால், குறைதிறன் ரிக்குகளின் ஒப்பீட்டை இவ்வாண்டு கையில் எடுத்தோம். ஆன்டெனாவாக 49:1 டிரான்ஸ்ஃபார்மரோடு ஒரு முனையில் இணைக்கும் 20 மீட்டர் என்ட்-ஃபெட் வயர், 6 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. இவற்றை மாற்றாமல் ரிக்கை மட்டும் மாற்றினோம்.

எல்லோரும் முதலில் கேட்பது வாட். 5 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபல், அதாவது சிக்னல் மீட்டரில் அரை எஸ் யூனிட்தான். நாம் பேசுவதைவிடக் கேட்பதே அதிகம் என்பதால் கேட்கும்போது இழுக்கும் ரிசீவ் கரன்ட்டைத்தான் பார்க்க வேண்டும். யேசு எஃப்டி-817 கேட்பதற்கே 450 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும்; இந்த பேட்டரிக்கு 13 மணி நேரம். எலெக்ராஃப்ட் கேஎக்ஸ்2-வுக்கு 135 மில்லி ஆம்பியர் போதும். 40 மணி நேரம் தாண்டும். புயலில் கரன்ட் போனால் இந்தக் கணக்குதான் கைகொடுக்கும். ஆனால் கேஎக்ஸ்2-வில் 144 மெகாஹெர்ட்ஸ் கிடையாது. அதில் இயங்கும், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டருக்கு 817 வேண்டும். ஐகாம் ஐசி-705-இல் இந்த பேண்டுகளும், சிக்னல்களைத் திரையில் காட்டும் வாட்டர்ஃபாலும் உண்டு. ஆனால் சொந்த பேட்டரியில் 5 வாட்தான், வெளியிலிருந்து 13.8 வோல்ட் கொடுத்தால்தான் 10. ஆன்டெனாவை ரிக்கோடு பொருத்தும் ட்யூனரும் தனிச் செலவு. ஸீகு ஜி90 ட்யூனரோடு 20 வாட் தரும், கேட்கும்போதே அரை ஆம்பியர் தின்னும். வீட்டு மேசைக்கு ஏற்றது.

கையில் காசு குறைவென்றால் ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த யூபிட்எக்ஸ் வாங்குங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் 10 வாட் அளவில் வரும். 28 மெகாஹெர்ட்ஸில் வாட் நன்றாகவே இறங்கிவிடும். பழுதைத் திறந்து நாமே பார்க்கலாம் என்பதே அதன் பெரிய பலம்.

இங்கே ஒரு வருத்தம். இரவல் போன சங்கத்து யூபிட்எக்ஸ் ஐஆர்எஃப்510 அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டும் எரிந்து திரும்பி வந்தது, சொல்லாமலேயே. அவற்றின் கரன்ட்டை அமைக்கும் இரண்டு பயாஸ் ப்ரீசெட்டுகளைக் கண்டபடி திருப்பினால் இதுதான் நடக்கும். இரண்டையும் குறைந்தபட்சத்தில் வைத்து, ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு மாட்டி, சப்ளையில் அம்மீட்டர் வைத்து, மைக்கில் பேசாமல் பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் 100 மில்லி ஆம்பியர் கூடும்வரை மட்டும் திருப்புங்கள். டிரான்சிஸ்டர்களின் முதுகுத் தகடு, சப்ளை வரும் டிரெயின் காலோடு சேர்ந்தது. ஹீட்சிங்க் பெட்டியில் பட்டால் சப்ளை ஷார்ட் ஆகும். இடையில் மின்காப்புக்கு மைக்கா தகடு அவசியம்.

ஒப்பீட்டுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் வரவில்லை. ரிக் தந்தவர்களே கோஆக்ஸ் கேபிளையும் சுருட்டினார்கள்; அவர்களுக்கும், இடம் தந்தவர்களுக்கும், பொருளாளருக்கும் நன்றி.

செலவு வரவைச் சற்று மிஞ்சியது. பழைய இருப்பிலிருந்து சரிக்கட்டினோம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி பல பேரிடம் நிற்கிறது.

அடுத்த ஆண்டு இரவல் கொடுக்க இன்னொரு யூபிட்எக்ஸும் ஒரு பேட்டரியும் வாங்க விருப்பம். பாக்கி வசூலானால் வாங்கலாம். இல்லாவிட்டால் புதியவர்களுக்குக் கொடுக்கச் சங்கத்தில் ரிக் இருக்காது. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இங்கேயே இருப்பார்.